கிழக்குக் காற்றில் மேகம்

கிழக்கிலிருந்து காற்று அடித்தால் தெற்கு நமீபியாவில் ஆவுஸ் பக்கத்தில் மேகம் வராது. பனிமூட்டம் வேண்டுமானால் மேற்கிலிருந்து, கடல் பக்கமிருந்து வரும். கிழக்குக் காற்று கலஹாரி மணலைத் தாண்டி, வழியில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு, பல்லிடுக்கில் மண் நறநறக்க வந்து சேருகிற காற்று. அதோடு மேகம் வந்தது என்று யாராவது சொன்னால், பக்கத்து ஊரான பெத்தானியில் பிறந்து வளர்ந்து, இப்போது தலைநகர் விண்ட்ஹுக்கில் வானியல் பாடம் நடத்துகிற ரோஸ்விதா கரிசேஸ் சிரித்துவிடுவாள்.

ஆனால் இந்த முறை அதைச் சொன்னது ஆளில்லை, அவளே நட்டுவைத்த பெட்டி. அதனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, சந்தேகம் வந்தது. முதலில், யாரோ பெட்டியில் கைவைத்திருக்கிறார்கள் என்று. அப்புறம், யார் என்று. அதற்குப் பதில் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வாய்த் தேநீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அன்செல்மோ. வேறு யார்?

விஷயம் இதுதான். எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்துச் சிதறும்போது அங்கிருந்து காமாக் கதிர் கிளம்பி வருகிறது. அது நம்முடைய காற்றில் வந்து மோதுகிற கணத்தில் நீலமாக ஒரு வெளிச்சம் மின்னி அணையும். இமைக்கக்கூட அவகாசம் தராத மின்னல். அதைப் பிடிக்க, நல்ல இருட்டில், மேகமில்லாத வானத்தின் கீழே, ராட்சதக் கண்ணாடிகளை வரிசையாக நிறுத்த வேண்டும். பல நாடுகள் சேர்ந்து அப்படி ஒன்றைக் கட்டப் போகின்றன. தெற்கு வானத்தைப் பார்க்க ஒரே ஓர் இடம்தான். அதற்கு நமீபியா, சிலி, அர்ஜென்டினா என்று மூன்று மாப்பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள்.

ஒவ்வோர் இடத்திலும் ஒரு பெட்டி வைத்தார்கள். பெட்டியின் தலையில் உருண்டைக் கண்ணாடி, அதற்குள்ளே ராத்திரி முழுக்க வானத்தைப் படமெடுக்கிற கேமரா. பக்கத்தில் ஒரு வெப்பமானி வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். தெளிந்த வானம் அதற்குச் சில்லென்று தெரியும், மேகம் வந்தால் வெதுவெதுப்பாகத் தெரியும். பெட்டிக்குச் சோறு போட ஒரு சோலார் தகடு. ஓர் இடத்தின் பெட்டியை இன்னோர் இடத்துக்காரர் வந்து சோதித்துப் பார்க்க வேண்டும் என்று குழுவில் ஒரு விதியும் போட்டார்கள். பரஸ்பர நம்பிக்கையை வளர்ப்பதற்காம். நம்பிக்கை இருந்தால் எதற்கு ஆள் அனுப்புகிறீர்கள் என்று ரோஸ்விதா அன்றைக்கே கேட்டாள்.

அப்படி நமீபியப் பெட்டியைச் சோதிக்க வந்தவர்தான் சிலிக்காரரான அன்செல்மோ கின்தானா. வந்தார், ஒரு வாரம் தங்கினார், எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் மேகம் வர ஆரம்பித்தது. அதுவும் பொறுக்கி எடுத்த மாதிரி, கிழக்குக் காற்று அடிக்கிற ராத்திரிகளில் மட்டும்.

குழுத் தலைவி வீப்கா ஜெர்மனியிலிருந்து கூப்பிட்டாள்.

"ரோஸ்விதா, சுத்தி வளைக்காம சொல்லிடறேன். விண்ட்ஹுக் கூட்டத்துக்குள்ள ஒரு காரணம் சொல்லலேன்னா, உங்க இடத்தைப் பட்டியல்லேருந்து எடுத்துடுவாங்க."

"கிழக்குக் காத்துல மேகம் வராது வீப்கா."

"உங்க பெட்டி வந்ததுன்னு சொல்லுதே."

"செயற்கைக்கோள் படத்தைப் பாருங்க."

"பாத்தாச்சு. ராத்திரியில தரையும் குளிர்ச்சி, தாழ்வான மூட்டமும் குளிர்ச்சி. எது எதுன்னு பிரிக்க முடியல."

"அப்ப பெட்டியில யாரோ கை வச்சிருக்காங்க."

வீப்கா குரலைத் தாழ்த்தினாள்.

"இதை வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்றாள் வீப்கா. "ஆதாரம் இல்லாம சொன்னா, இடம் மட்டும் போகாது. உங்க பேரும் போகும்."

இடம் போனால் என்ன ஆகும் என்று ரோஸ்விதாவுக்குத் தெரியும். அவளும், அவள் பாடம் சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகளும், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளும் ஒரு ராத்திரி வானத்தைப் பார்ப்பதற்காக ஊர் ஊராகப் போய் அடுத்தவர் வாசலில் நிற்க வேண்டும். உலகத்திலேயே நல்ல இருட்டைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு! அன்றைக்கே காரை எடுத்துத் தெற்கே கிளம்பிவிட்டாள்.

பெட்டி நின்ற மேய்ச்சல் நிலம் வில்ஹெல்மினா ஐசாக்ஸுடையது. ஊரில் எல்லோருக்கும் அவள் ஆன்ட்டி மினா. ஐம்பதைத் தாண்டியவள். புருஷன் போன பிறகு ஆடுகளோடு தனியாக இருக்கிறாள். கடலோர லூடெரிட்ஸில் மீன் ஆலையில் ஸ்பெயின் மேஸ்திரிகளுக்குக் கீழே வெகுகாலம் வேலை பார்த்ததால், திட்டுவதற்கும் சிரிப்பதற்கும் போதுமான ஸ்பானிஷ் அவளுக்கு வரும். பெட்டியை ஆடு முட்டாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு.

"வா மகளே," என்றாள் ஆன்ட்டி மினா, அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமலே. "காலையில வந்து மத்தியானம் ஓடிப்போற பொண்ணு. இன்னைக்காவது உக்காருவியா, இல்ல வண்டி எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கா?"

"உக்காருறேன். ஆன்ட்டி மினா, பெட்டிகிட்ட யாராவது வந்தாங்களா?"

"யாரு வருவா? நரிகூட என் கண்ணுல படாம இந்த வேலியைத் தாண்டாது." சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "ஏன், ஏதாவது காணாமப் போச்சா? அதை நேரா கேளு. அந்தக் காலத்துல ஜெர்மன்காரங்களும் இப்படித்தான், முக்காலியும் கண்ணாடியுமா வந்தாங்க. சும்மா பாக்குறோம்னு சொன்னாங்க. அப்புறம் வைரம் இருக்குன்னு வேலி போட்டு, உள்ள போனா சுடுவோம்னாங்க. இப்ப நீ வானத்தைப் பாக்குறேங்கறே. நானும் நம்புறேன்."

"ஒண்ணும் காணாமப் போகல. அந்தச் சிலிக்காரர் வந்தாரே, அவர் என்ன பண்ணினார்?"

"அவனா? நல்ல மனுஷன். ஆட்டுக்கறியை எலும்பு விடாம சாப்பிட்டான். சாயந்திரமானா பெட்டிகிட்ட உக்காந்து பாடுவான்."

"தனியாவா?"

"நீதான் கூட இல்லையே."

அது சுருக்கென்று குத்தியது. விருந்தாளியோடு ஒரு நாள் இருந்துவிட்டு வகுப்பு இருக்கிறது என்று விண்ட்ஹுக் திரும்பியவள்தான் அவள்.

"கையில என்ன வச்சிருந்தார்?"

"திருப்புளி."

"திருப்புளியா!"

"பின்ன என்ன, பல்லாலயா திருகைக் கழட்டுவான்?"

ரோஸ்விதா சிரிக்கவில்லை. "போகும்போது ஏதாவது சொன்னாரா?"

"சொன்னானே. இந்த உருண்டைக் கண்ணாடிதான் இதோட உசிரு, பாத்துக்கோங்கன்னு என் கையைப் பிடிச்சுச் சொல்லிட்டுப் போனான். உனக்கு இருக்கற அக்கறையைவிட அவனுக்கு ஜாஸ்தி."

எதிராளியின் பெட்டியில் இவ்வளவு அக்கறையா? ரோஸ்விதா அதற்கு மேல் உட்காரவில்லை. போய்ப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தாள். வெளியே ஒரு கீறல் இல்லை, உள்ளே ஒரு கம்பி இடம் மாறவில்லை. கண்ணாடி பளபளவென்று இருந்தது. ஒன்றும் இல்லாதிருப்பதே அவளுக்குப் பெரிய சந்தேகமாகப் பட்டது. விவரம் தெரிந்தவன் தடயம் வைப்பானா?

பட்டிக்குப் பின்னால் இருக்கிற குன்றில் ஏறினால்தான் போன் எடுக்கும். ஏறினாள். வீப்கா சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும் அன்செல்மோவைக் கூப்பிட்டாள்.

"டாக்டர் கரிசேஸ்! எப்படி இருக்கீங்க? மினா சௌக்கியமா?"

"என் பெட்டியை என்ன பண்ணினீங்க?"

"என்ன கேக்குறீங்க? புரியல."

"நீங்க போன நாள்லேருந்து மேகம். கிழக்குக் காத்துல மேகம்! ஜெயிக்கணும்னா நேரா ஜெயிங்க அன்செல்மோ. எங்க வீட்டுக் கறியைத் தின்னுட்டு எங்க வானத்துல கரியைப் பூசாதீங்க."

காற்று போனுக்குள் இரைந்தது. அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"ஆதாரம் இருந்தா குழுவுல சொல்லுங்க. இல்லைன்னா இந்தப் பேச்சு நடக்கலேன்னு வச்சுக்கறேன். அதுவும் இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான்."

வைத்துவிட்டார். கோபப்பட்டிருந்தால் அவள் நம்பியிருப்பாளோ என்னவோ. இவ்வளவு நிதானமாகப் பேசுகிறவன் எல்லாவற்றையும் முன்னாலேயே யோசித்து வைத்தவன்தான் என்று முடிவு கட்டினாள்.

இறங்கி வருவதற்குள் காற்று திரும்பிவிட்டது. கிழக்கிலிருந்து, சூடாக. சாலை மணலில் மறைந்துபோனது. "இந்தக் காத்துல வண்டி எடுத்தே, உன்னைத் தோண்டித்தான் எடுக்கணும்," என்றாள் ஆன்ட்டி மினா. வேறு வழியில்லாமல் ரோஸ்விதா முதல்முறையாக அங்கே தங்கினாள்.

பொழுது சாய்கிற நேரம். சன்னல் வழியாகப் பார்த்தபோது, ஆன்ட்டி மினா ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு வேலியில் கிடந்த இரண்டு கம்பளிகளை உருவினாள். ஒன்றைத் தண்ணீர்ப் பம்பின் சோலார் தகட்டின் மேல் விரித்து நான்கு மூலையிலும் கல்லை வைத்தாள். இன்னொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, தலைத்துணியின் நுனியால் வாயைப் பொத்தியபடி பெட்டியை நோக்கி நடந்தாள்.

ரோஸ்விதா செருப்பில்லாமல் ஓடினாள்.

"ஆன்ட்டி மினா! என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியல? போர்த்துறேன்." உருண்டைக் கண்ணாடி, வெப்பமானி, தகடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கம்பளி. குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி ஓரமெல்லாம் செருகி, கயிற்றால் ஒரு கட்டு. "கிழக்குக் காத்துல மணல் கண்ணாடியை அரிச்சுடும்ல. பம்புத் தகட்டுக்கு இங்க எல்லாரும் போர்த்தறதுதானே. உசிருன்னு வேற சொல்லிட்டுப் போனான், இதை மட்டும் எப்படி விடறது?"

"ராத்திரியிலயா போர்த்துவீங்க?"

"பகல்ல எப்படிப் போர்த்த முடியும்? பகல்ல இது வெயிலைத் தின்னு வேலை செய்யுது. ராத்திரி தூங்குது. விடிஞ்சதும் நானே எடுத்து உதறி வச்சுடுவேன். ஒரு நாள் தவறினதில்ல."

ரோஸ்விதா கம்பளிக்கு அடியில் கையை நுழைத்துப் பார்த்தாள். கம்பளிக்குள்ளே கேமராவுக்கு ஒரு நட்சத்திரம் தெரியாது. வெப்பமானிக்குக் கம்பளி வெதுவெதுப்பாக இருக்கும். அச்சு அசல் மேகம்.

"அது ராத்திரி தூங்காது ஆன்ட்டி மினா. ராத்திரிதான் அதுக்கு வேலையே."

ஆன்ட்டி மினா கம்பளியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "அமைச்சர் வந்தப்ப மேடை போட்டு ஒரு மணி நேரம் பேசினியே. என்கிட்ட இந்த ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

சொல்லவில்லைதான். நட்சத்திரத்தைப் பார்க்கிற பெட்டி ராத்திரியில் விழித்திருக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. சோலார் தகடு வைத்ததெல்லாம் பகலில் உழைத்து ராத்திரியில் ஓய்கிற ஊரில், ஆன்ட்டி மினா வேறு என்ன நினைப்பாள்?

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் கம்பளியை அவிழ்த்து மடிக்கிற வரைக்கும்கூட நிற்கவில்லை. இதை யார் நம்புவார்கள்? பட்டியலிலிருந்து எடுக்கப் போகிற நேரம் பார்த்து, உள்ளூர்க்காரி ஒருத்தி கம்பளி போர்த்தினாள் என்று சொன்னால், அவளே நம்பமாட்டாள். அந்தப் பட்டியில் தங்கி அங்கே நடப்பதைப் பார்த்த வெளியாள் ஒரே ஒருவர்தான். அவரைத்தான் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் குன்றின் மேல் நின்று திருடனாக்கியிருந்தாள்.

விண்ட்ஹுக் ஓட்டல் மண்டபத்தில் கூட்டம். ரோஸ்விதா நடந்ததை நடந்தபடி சொன்னாள். அன்செல்மோவுக்குப் போன் செய்ததை மட்டும் சொல்லவில்லை. அவர் எதிர் வரிசையில், பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக உட்கார்ந்திருந்தார். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அர்ஜென்டினாவிலிருந்து வந்திருந்த மீசைக்காரர் முதலில் வாயைத் திறந்தார். "கதை பிரமாதம். எங்க இடத்துலயும் போன வருஷம் மேகம் இருந்துச்சு. நானும் ஒரு கம்பளி தேடிப் பாக்குறேன்."

மண்டபம் சிரித்தது. வீப்கா சிரிக்கவில்லை. "ரோஸ்விதா, உங்களைத் தவிர இதைப் பாத்தவங்க யாராவது உண்டா?"

"ஆன்ட்டி மினாவே வந்து சொல்லுவாங்க."

"அவங்க உங்க ஊர்க்காரங்க." வீப்கா தன்மையாகத்தான் சொன்னாள். அதுதான் இன்னும் வலித்தது. "வேற யாராவது?"

ரோஸ்விதா எதிர் வரிசையைப் பார்த்தாள். பேனா மூடி நின்றது. அன்செல்மோ இப்போதுதான் அவளை நேராகப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்ல முடியாது. ஒரு மனுஷன் மனசுக்குள் கணக்குப் போடுகிற முகம் அது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அப்புறம் எழுந்தார். பையிலிருந்து போனை எடுத்துத் தேடி, ஒரு படத்தை எல்லோருக்கும் காட்டினார்.

படத்தில் ஆன்ட்டி மினா பம்புத் தகட்டுக்குக் கம்பளி போர்த்திக்கொண்டிருந்தாள். பின்னால் வானம் மணலால் பழுப்பேறிக் கிடந்தது.

"நான் அங்க இருந்தப்ப ஒரு சாயந்திரம் கிழக்குக் காத்து அடிச்சுது. வேடிக்கையா இருக்கேன்னு எடுத்தேன்."

"இது பெட்டி இல்லையே, பம்பு," என்றார் மீசைக்காரர்.

"ஆமா, பம்புதான். பெட்டிக்கு அப்பப் போர்த்தல. கிளம்பும்போது நான்தான் அவங்க கையைப் பிடிச்சு, கண்ணாடிதான் இதோட உசிருன்னு சொன்னேன். ராத்திரி வேலை செய்யற பெட்டின்னு சொல்ல மறந்துட்டேன். நான் போன நாள்லேருந்துதான் மேகம்னு டாக்டர் கரிசேஸ் சொல்றாங்க. சரிதான். அந்த மேகத்தை வரவழைச்சது நான்."

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. கடைசியில் வீப்கா தீர்ப்புச் சொன்னாள். கெட்டுப்போன ராத்திரிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அடுத்த குளிர்காலம் முழுக்க மறுபடி அளக்க வேண்டும். அதுவரை நமீபியா பட்டியலில் இருக்கும்.

இடைவேளையில் எல்லோரும் தேநீரும் எண்ணெயில் பொரித்த ரொட்டியுமாக நின்றார்கள். ரோஸ்விதா தயங்கித் தயங்கி அன்செல்மோ பக்கத்தில் போனாள்.

"அன்னைக்கு நான் பேசினது தப்பு. மன்னிச்சுடுங்க."

"எந்தப் பேச்சு? அது நடக்கலேன்னு அன்னைக்கே வச்சுக்கிட்டேனே."

நன்றி சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். அவளால் முடியவில்லை. "ஏன் எழுந்தீங்க? பேசாம இருந்திருந்தா எங்க இடம் போயிருக்கும். உங்களுக்குத்தானே லாபம்."

அன்செல்மோ ரொட்டியை இரண்டாகப் பிய்த்தார். "நீங்க வெளிய போனா, உங்களுக்குன்னு இருக்கற ஓட்டெல்லாம் எங்க போகும்? எனக்கா வரும்? மலையே வேண்டாம், சமவெளிதான் வேணும்னு சொல்ற கூட்டம் அது. எங்களோடது மலை, மீசைக்காரனுக்குச் சமவெளி. அப்படியே அவன் மடியில விழும். நீங்க இருந்தீங்கன்னா அந்த ஓட்டு ரெண்டாப் பிரியும். எனக்கு அதுதான் வேணும்."

ரோஸ்விதாவுக்கு அன்றைக்குத்தான் மூச்சு சீராக வந்தது. நல்ல மனசோடு செய்தேன் என்று சொல்லியிருந்தால், என்ன உள்நோக்கமோ என்று தூக்கம் கெட்டிருக்கும். இது புரிகிற காரணம்.

"இப்ப நம்புறேன்," என்றாள் சிரித்துக்கொண்டே.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"மினாகிட்ட சொல்ல மறந்துட்டேன்னு சொன்னேனே, அதையுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மீதி ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டு அவர் கூட்டத்துக்குள் போய்விட்டார். அவருடைய முதுகு குலுங்கியது. சிரிக்கிறார் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த குளிர்காலம் வந்தது. பெட்டி போர்வையில்லாமல் நின்றது. கிழக்குக் காற்று அடித்த ராத்திரிகளில்கூட வானம் நட்சத்திரங்களைக் கொட்டிக் காட்டியது. கண்ணாடியில் லேசாகக் கீறல் விழுந்தது. ஆன்ட்டி மினா சொன்னது அதில் சரிதான்.

ஒரு நாள் மத்தியானம் ரோஸ்விதா புதுக் கண்ணாடி மாட்ட வந்திருந்தாள். கையில் திருப்புளி.

"அடுத்த வாரம் சிலிக்குப் போறேன் ஆன்ட்டி மினா. இந்தத் தடவை அவரோட பெட்டியைப் பாத்துட்டு வர்றது என் முறை."

"போய்ட்டு வா. அந்த மனுஷனைக் கேட்டதா சொல்லு." ஆன்ட்டி மினா பழைய கண்ணாடியை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அந்த மலையிலயும் பெட்டியைப் பாத்துக்க என்னை மாதிரி ஒரு பொம்பளை இருப்பாளோ?"

"இருக்காங்களாம். ஆடுகூட வச்சிருக்காங்கன்னு அன்செல்மோ சொன்னார்."

"அங்க மணல் காத்து உண்டா?"

"உண்டு."

"அப்ப அவகிட்ட கண்ணாடியைப் பத்தி வாயே திறக்காதே மகளே. என்ன?"

ரோஸ்விதா திருகை இறுக்கினாள். இறுக்கிய திருகையே மறுபடி இறுக்கினாள்.

"ஏன் பேசாம இருக்கே?" என்றாள் ஆன்ட்டி மினா. கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்து அவள் முகத்தில் வைத்தாள். வேலியோரம் நரியைத் தேடும்போது அப்படித்தான் பார்ப்பாள்.

"ஒண்ணுமில்ல," என்றாள் ரோஸ்விதா. "காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குதுன்னு பாத்தேன்."